பெயரில்லாத ஆயிரத்து இருநூறு சிடிக்கள்

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை. காலை பத்து மணி பத்து நிமிடம். எங்கள் வரவேற்பறையில் ஒரு பிரெஞ்சுப் பெண்மணி நின்றுகொண்டு என் சிடிக்களை அடுக்கியிருந்த றாக்கையை அடியிலிருந்து உச்சி வரை பார்த்தார். பிறகு உச்சியிலிருந்து அடி வரை பார்த்தார்.

மிகவும் அழகாக இருக்கிறது, ஐயா என்றார்.

இருபத்தேழு வருடமாக இந்த நாட்டு அலுவலகங்களோடு பழகியவன் நான். இங்கே ஒரு கதவைச் சாத்துவதற்கு முன் அதற்கு நன்றாக எண்ணெய் போடுவார்கள். எனவே அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். வந்தது. ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று இதைப் பிடித்து ஏறினால் என்ன ஆகும்?

என் மனைவி ரஜனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை.

விஷயம் இதுதான். ரஜனி பதினான்கு வருடமாக அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். முதல் ரயிலில் போக வேண்டும். இப்போது முழங்கால் இரண்டும் படியைக் கண்டாலே முறைப்பாடு செய்கின்றன. வீட்டிலேயே மற்றவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். அதற்கு 'அக்ரேமோ' என்ற அனுமதி வேண்டும். விண்ணப்பம், மருத்துவச் சான்றிதழ், நேர்முகம் — எல்லாவற்றையும் தானே முடித்துவிட்டாள். மிச்சமிருந்தது, இந்தப் பெண் அதிகாரி வந்து வீட்டைப் பார்வையிடுவது மட்டும். அதில் ஒரே ஒரு தடை — ஏழு அடி உயரம், பதின்மூன்று தட்டு, ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தாறு சிடி.

சுவரோடு சேர்த்து இறுக்கி ஆணியடிக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் கட்டடத்துச் சுவர் ஒரு கலண்டரைத் தாங்கும். இரண்டாவது கலண்டர் என்றால் யோசிக்கும்.

அதிகாரி மூன்று வாரம் கழித்து மறுபடி வருவதாகச் சொல்லிப் போனார். அதற்குப் பிறகுதான் அறிக்கை எழுதுவார்.

"இஞ்சாருங்கோ, நான் எறியச் சொல்லேல்லை. பிள்ளையின்ரை தலையிலை விழாமல் இருந்தாச் சரி" என்றாள் ரஜனி.

என் சேகரிப்பைப் பற்றி இந்தப் பத்திரிகைப் பத்தியில் முன்பும் பெருமையடித்திருக்கிறேன். பெரும்பகுதி பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் வாங்கியது. அந்தத் தெருவில் மூன்றாவது கடைக்கு ஒரு கடை சிடி விற்ற காலம் ஒன்று இருந்தது. இன்று அதே தட்டுகளில் கைத்தொலைபேசிக் கவர்களும் முறுக்குப் பைக்கற்றுகளும் இருக்கின்றன. நான் எதையும் விட்டுவைக்கவில்லை. பக்தி, சினிமா, கர்நாடகம், நாதஸ்வரம், ஊர்க் கூத்து... கடைக்காரர் வேண்டாம் என்று மூலையில் வைத்ததையும் வாங்கியிருக்கிறேன்.

அடுக்கியது எப்படி? திகதி வாரியாக.

சிரிக்காதீர்கள். பாடகர் வரிசையில் அடுக்கினால், இரண்டு பேர் சேர்ந்து பாடியதை எங்கே வைப்பது? படத்தின் பெயரில் அடுக்கினால், ஒரே சிடியில் மூன்று படம் இருக்கிறதே? வாங்கிய திகதிக்கு இந்தச் சிக்கலே கிடையாது. ஒவ்வொரு பெட்டியின் உள்ளே இருக்கும் அட்டையின் பின்பக்கத்தில், பென்சிலால், வாங்கிய திகதியும் கடையும். நான் வேலை செய்வது ஒரு ஹோட்டலின் குளிர்களஞ்சியத்தில். அங்கே கத்தரிக்காய்ப் பெட்டிக்கும் திகதி ஒட்டாமல் உள்ளே போக முடியாது. பழையது முன்னுக்கு, புதியது பின்னுக்கு. அந்தப் பழக்கம் என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது.

ஒரு சின்னக் குறை உண்டு. ஒரு பாட்டைத் தேட வேண்டுமென்றால் அதை நான் எப்போது வாங்கினேன் என்று தெரிந்திருக்க வேண்டும். "பாட்டுக் கேட்டா, எந்த மாதம் எண்டு திருப்பிக் கேக்கிற ஆள்" என்று ரஜனி விருந்தாளிகளிடம் என்னை அறிமுகம் செய்வாள்.

முதலில் வில்லியே லே பெல் என்ற புறநகரில் இருக்கும் நண்பனைக் கேட்டேன். அவன் வீட்டில் நிலவறை உண்டு. அவன் ஓம் என்றான். பின்னால் அவன் மனைவியின் குரல் கேட்டது. பிறகு அவன் நிலவறையில் ஈரம் அதிகம் என்றான்.

அடுத்து குமாரிடம் போனேன். என் சிடிக்களில் மூன்றில் இரண்டு பங்கு குமாரின் கடையில் வாங்கியவை. வாங்கியவை என்பதைவிட, அவர் பின்னறையில் இருந்த கணினியில் பிறந்தவை என்பதே சரி. வெற்று சிடியில் பாட்டைப் பதிவார். கலர் போட்டோக்கொப்பி எடுத்த அட்டையைப் பெட்டிக்குள் சொருகுவார். அன்று எல்லோரும் செய்தது, நாங்கள் எல்லோரும் வாங்கியது. இப்போது அவர் மரக்கறி விற்கிறார்.

நான் நிலைமையைச் சொன்னதும் குமார் முருங்கைக்காய்க் கட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணை, பெட்டிக்குள்ளை இருக்கிறது முக்கால்வாசி காத்து. இவ்வளவு காலமும் காத்தைத்தான் திகதி போட்டு அடுக்கி வைச்சிருக்கிறியள். பெட்டியை எறிஞ்சுபோட்டு சிடியை மட்டும் ஆல்பத்திலை போடுங்கோ."

போட்டோ ஆல்பம் மாதிரி, பிளாஸ்டிக் உறைகள் வைத்துத் தைத்த ஆல்பம். ஒன்றில் இருநூற்று நாற்பது சிடி கொள்ளும். எட்டு ஆல்பம் போதும். அலுமாரியின் மேல் தட்டில் அடங்கிவிடும்.

நான்கு பிற்பகல் வேலை. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தேன். சிடி ஆல்பத்துக்கு, வரிசை குலையாமல். அட்டை ஒரு கறுப்புப் பைக்கு. அதைப் பிறகு தனிக் கோப்பில் இடுவதாகத் திட்டம். வெறும் பெட்டிகள் மற்றக் கறுப்புப் பைகளுக்கு. செவ்வாய்க்கிழமை மாலை எல்லாம் முடிந்தது. பைகளை ஒவ்வொன்றாக நானே கீழே கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டேன். ரஜனியைத் தூக்க விடவில்லை, முழங்கால் பாவம். புதன்கிழமை காலை லொறி வந்து போனது.

வியாழக்கிழமை பிற்பகல், அட்டைகளைக் கோப்பில் இடுவதற்காக அவை இருந்த பையைத் தேடினேன்.

ஆம். அதையும் நான்தான் கீழே கொண்டுபோயிருக்கிறேன். ஐந்து கறுப்புப் பை, ஆறாவதும் கறுப்புப் பை. கத்தரிக்காய்ப் பெட்டிக்குத் திகதி ஒட்டுகிறவன், அந்தப் பைக்கு ஒரு துண்டுக் காகிதம் ஒட்டவில்லை.

ஓடிப்போய் ஆல்பத்தைத் திறந்தேன். கம்பனிக்காரர் வெளியிட்ட அறுநூறு சிடிக்களில் பெயர் அச்சிட்டிருந்தது. அவை தப்பின. மற்ற ஆயிரத்து இருநூறு? வெள்ளி நிறம். ஒரு எழுத்து இல்லை. பக்கத்துக்குப் பக்கம் என் முகம்தான் தெரிந்தது. அது பார்க்கும்படியாக இல்லை.

குமாரிடம் மறுபடி போனேன். சிடியின் மேல் ஒரு பெயரையாவது எழுதியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். கொஞ்சம் சூடாகவே கேட்டேன் என்று நினைக்கிறேன்.

குமார் தராசை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணை, நான் முதல் எழுதிக்கொண்டுதான் இருந்தனான். மார்க்கர் மை சிடியைத் தின்னும், எங்கையோ வாசிச்சனான், எழுதாதை எண்டு கடைக்கு வந்து அரை மணித்தியாலம் வகுப்பு எடுத்தது ஆர்?"

வாசித்தது உண்மை. வகுப்பு எடுத்ததும் உண்மை. அதன்பிறகு அவர் யாருக்கும் எழுதவில்லையாம். தொலைவில் ஓல்னே-சூ-புவாவிலிருந்து வரும் வாடிக்கையாளர்களுக்கும் எழுதவில்லையாம். இந்தப் பிராந்தியத்தில் எத்தனை வீடுகளில் பெயரில்லாத சிடிக்கள் இருக்கின்றனவோ... அத்தனைக்கும் நானே பொறுப்பு.

இனி ஒரே வழி. ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்பது. வீட்டில் சிடி போடக்கூடிய ஒரே கருவி குசினியில் இருந்த, அன்ரனா உடைந்த பழைய ரேடியோதான். வேலை முடிந்து மூன்று மணிக்கு வந்ததும் குசினி மேசையில் ஆல்பத்தோடும் கொப்பியோடும் உட்கார்ந்தேன். போட்டேன், கேட்டேன், யோசித்தேன். பத்தில் இரண்டைத்தான் என்னால் சொல்ல முடிந்தது. மற்றவை எல்லாம் எங்கோ கேட்ட குரலாக இருந்தன. எங்கே?

ரஜனி அடுப்படியில் நின்று பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே படத்தின் பெயரைச் சொன்னாள். அடுத்ததைப் போட்டேன். வயலின் தொடங்கி இரண்டு விநாடி இருக்காது... பாடியவர் பெயரைச் சொன்னாள். மூன்றாவதற்குக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இது பொபினியிலை வதிவிடக் கார்ட் கிடைச்ச அண்டைக்கு வாங்கினது."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அண்டைக்கு நல்ல மழை. நீங்கள் குடையைப் பிறிபெக்சர் கந்தோரிலை விட்டிட்டு வந்திட்டியள். நனைஞ்சு நனைஞ்சு குமாரின்ரை கடைக்குப் போனாங்கள். குடை வாங்குவம் எண்டு நான் சொன்னனான். நீங்கள் இதை வாங்கினீங்கள்."

என் பென்சில் குறிப்பில் திகதி இருந்தது. கடை இருந்தது. மழை இருக்கவில்லை. குடையும் இருக்கவில்லை.

இப்படியே நாட்கள் போயின. நான் போடுவேன், அவள் சொல்வாள், நான் எழுதுவேன். சில இடங்களில் எழுதாமல் விட்டேன். உதாரணமாக ஒரு நாதஸ்வரத் தட்டு.

"இது நீங்கள் ஓவர்டைம் எண்டு சொன்ன ஞாயிற்றுக்கிழமை."

ஓவர்டைம்தான் செய்தேன் என்றேன்.

"ஓம். குமாரின்ரை கடையிலை."

மூன்று வாரம் முடிந்தது. பெயர் தெரியாமல் இன்னும் நானூறு இருந்தன. கடைசி நான்கு நாளும் வீட்டைத் துடைத்து ஒழுங்குபடுத்துவதில் போனதால் நான் ஆல்பங்களைத் தொடவில்லை. அதிகாரி வந்தார். காலை பத்து மணி ஐந்து நிமிடம். றாக்கை இருந்த இடத்தில் வெள்ளைச் சுவர். அதன் நடுவே இன்னும் வெள்ளையாக ஏழு அடிச் செவ்வகம் ஒன்று. யன்னல் பூட்டு, மருந்துப் பெட்டி, அடுப்பின் காப்பு எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, குழந்தைகளின் ஒரு நாள் எப்படிப் போகும் என்று ரஜனியைக் கேட்டார்.

ரஜனி தன் பிரெஞ்சில் அமைதியாகச் சொன்னாள். காலையில் பூங்கா. பிறகு சாப்பாடு. பிறகு பாட்டுப் போட்டு நித்திரையாக்குவேன்.

என்ன பாட்டு என்று அதிகாரி ஆவலோடு கேட்டார். கொஞ்சம் கேட்கலாமா?

மற்ற எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டிவிட்டார், இது ஒன்றுதான் மிச்சம். அலுமாரியில் நானூறு அநாமதேயங்கள். அவற்றில் எங்கோ ஒன்று, செத்த வீட்டு ஒப்பாரி. குமார் பத்துச் சிடிக்கு ஒன்று இலவசமாகத் தந்தது. பெயர் அச்சிட்ட சிடி ஒன்றைப் போடு என்று ரஜனிக்குக் கண்ணால் சாடை காட்டினேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை. ஒரு ஆல்பத்தை எடுத்தாள், ஒரு பக்கத்தைத் திறந்தாள், பெயரில்லாத ஒரு வெள்ளித் தட்டை உருவி ரேடியோவில் போட்டாள்.

வீணை. பிறகு ஒரு பெண் குரல், தாலாட்டு. அதிகாரியின் பேனை மேசையில் மெதுவாகத் தாளம் போட்டது. போகும்போது, இந்தப் பாட்டின் பெயரை எழுதித் தர முடியுமா என்று கேட்டார். ரஜனி எழுதிக் கொடுத்தாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து ஆல்பத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு உறையிலும் சின்ன வெள்ளை லேபல். என் வேலையிடத்து லேபல். முடியும் தறுவாயில் இருந்த சுருள் என்று நான் எப்போதோ கொண்டுவந்தது. 'தயாரித்த திகதி' என்று ஒரு கட்டம், 'பாவிக்க வேண்டிய கடைசித் திகதி' என்று இன்னொரு கட்டம். இரண்டையும் பொருட்படுத்தாமல், குறுக்காகத் தன் கையெழுத்தில் எழுதியிருந்தாள். தன் காலை வேலை முடிந்து வந்து, நான் திரும்புவதற்கு முன் தனியே கேட்டு, தனியே பிரித்திருக்கிறாள். என் திகதி வரிசையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அவள் வகைப்படுத்தியது இப்படி: சமைக்க. அழுகிற பிள்ளைக்கு. விருந்தாளி வந்தால். விருந்தாளி போகாவிட்டால் — ஒப்பாரி இதில் இருந்தது. முழங்கால் நோகிற நாளுக்கு.

நேற்று முன்தினம் கடிதம் வந்தது. அக்ரேமோ கிடைத்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை முதலாவது குழந்தை வருகிறது. ஒன்றரை வயது, நன்றாக ஏறுமாம். ரஜனி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு துப்புரவு வேலைக்குப் போடும் சப்பாத்துகளை எடுத்துக் கீழே கொண்டுபோனாள். கறுப்புப் பைதான். என்னைத் தூக்க விடவில்லை.

அவள் திரும்பி வரும்வரை எட்டு ஆல்பங்களையும் புரட்டிக்கொண்டிருந்தேன். கடைசி ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஓர் உறை. லேபலில் 'இவருக்கு' என்று எழுதியிருந்தது. உறைக்குள் ஒன்றும் இல்லை.

ஏன் காலி என்று கேட்டேன்.

"உங்களுக்கு எந்தப் பாட்டு விருப்பம் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாதப்பா. அடுக்கிறதைத்தான் கண்டனான், ஒண்டையாவது நீங்கள் இருந்து கேட்டு நான் காணேல்லை" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தேங்காய் முடிந்துவிட்டது என்பது மாதிரிச் சொன்னாள்.

அவள் குசினிக்குள் போனதும் பென்சிலை எடுத்து, அந்த லேபலின் 'தயாரித்த திகதி' கட்டத்தில் அன்றைய திகதியைக் குறித்து வைத்தேன். மற்றக் கட்டத்தில் என்ன எழுதுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.