முதுகில் ஒரு கறுப்புப் புள்ளி

எங்கள் குழுவில் யார் கடற்கொள்ளையர் பொம்மைப் பெட்டி வாங்கினாலும் அது முதலில் என் கைக்குத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் சேலத்தில் ஒரு துணிக்கடை மாடியில் கூடி, பகடை உருட்டி, சுண்டுவிரல் உயரப் பொம்மைகளை வைத்துக் கப்பல் சண்டை ஆடுகிறவர்கள் நாங்கள். மொத்தம் ஆறு பேர். கப்பலைக் கிட்டத்தில் பார்த்தவர் எங்களில் ஒருவரும் கிடையாது. மேட்டூரில் பரிசல் ஏறியதோடு சரி. ஆனாலும் தவளை மூஞ்சி மாலுமி, எலும்புக்கூடு சமையல்காரன், ஒரு கை நண்டுக் கொடுக்காக இருக்கும் கேப்டன் என்று ஒரு பெட்டி வந்துவிட்டால் போதும், வயதை மறந்து அடித்துக்கொள்வோம்.

எனக்கு வேலை டென்டல் லேபில். பகலெல்லாம் பல்லுக்குக் கேப் செய்கிறவன். அதனால் பொம்மையை வார்த்த அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு எங்கே துருத்துகிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு நகத்தாலேயே சொல்லிவிடுவேன். விரல்கள் ஒட்டிப் போயிருக்கின்றனவா, கத்தி நேராக நிற்கிறதா, முகத்தில் பெயிண்ட் தங்குவதற்கு மேடு பள்ளம் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து அரைப் பக்கம் எழுதுவேன். நான் நல்லது என்றால் வாங்குவார்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள். பெயிண்ட் அடித்து முடித்த பொம்மைகளுக்கு மதிப்பெண் போடுவதும் நான்தான். என் பொம்மைகளுக்கும் நானே. யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை, எனக்கும் கூச்சமாக இருந்ததில்லை.

அந்த முறை கோவையில் பல ஊர் ஆட்டக்காரர்கள் கூடுவதாக இருந்தது. ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு பொம்மையை அனுப்பலாம். எங்கள் குழுவிலிருந்து என் நண்டுக் கை கேப்டன்தான் போகும் என்று நான் முடிவு செய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பல்லுக்கு நிறம் சேர்க்கும் மெல்லிய பிரஷ்ஷால் அவன் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் என் மனைவியின் தம்பி பல் வலி என்று நாமக்கல்லிலிருந்து வந்தான். அங்கே லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர். லாரியின் முதுகில் கிளி, தாமரை, கோரைப் பல் பூதம் எல்லாம் வரைகிறவன். டாக்டரிடம் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, என் மேசைக்கு முன்னால் நின்றுவிட்டான்.

"ஏனுங்க மாமா, இத்தன சின்னதுல கண்ணு மூக்கெல்லாம் வெச்சிருக்கறாங்களே! ஒண்ணு நானும் அடிச்சுப் பாக்கட்டுங்களா?"

அதே கேப்டன் இன்னொன்று என் டப்பாவில் கிடந்தது. இரண்டாவது பெட்டியில் வந்தது. கத்தி வளைந்து, முகத்தில் பாதி சரியாக வார்க்கப்படாமல் மொழுக்கென்று இருந்தது. 'தேறாது' என்று எழுதி ஒதுக்கியிருந்தேன். அதை எடுத்து அவனிடம் கொடுத்தேன். நல்லதாக ஒன்று கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. லாரி எனாமலை அப்பினால் இருக்கிற கொஞ்சம் மேடு பள்ளமும் மூடிப் போகும் என்று எனக்குத் தெரியும். அதையும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து, கேப்புக்கு அளவு கொடுக்க வந்தவன் சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தான். உள்ளே பஞ்சு, பஞ்சுக்கு நடுவே கேப்டன்.

எனக்கு வயிறு எரிந்தது. வேறு எப்படிச் சொன்னாலும் பொய். மொழுக்கென்று இருந்த பாதி முகத்தில் வெறும் பெயிண்டாலேயே கன்னத்தையும் தழும்பையும் ஏற்றியிருந்தான். வளைந்த கத்தியின் ஓரம் ஒரு வெள்ளைக் கோடு. அந்த ஒரு கோட்டில் கத்தி வீசப்படும்போதே வளைவது போல ஆகிவிட்டது. கோட்டின் விளிம்பில் தாமரை வரிசை, ஒவ்வொன்றும் கடுகளவு. என் கேப்டன் சுத்தமாக இருந்தான். மைத்துனன் தீட்டியவன் உயிரோடு இருந்தான்.

"எந்தம்பி கையே கைதானுங்க" என்றாள் மனைவி. மூன்று மாதமாக என் பொத்தான்களைப் பார்த்தவள், ஒருநாளும் என் கையைப் பற்றி எதுவும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதை மாடிக்குக் கொண்டுபோகாமல் இருந்திருப்பேன். அவள்தான் மறக்காமல் என் பையில் வைத்தாள். மாடியில் ஐந்து பேரும் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். என் கேப்டன் மேசை ஓரத்தில் தனியாக நின்றான். "கோயம்புத்தூருக்கு இதையே அனுப்பிடலாமா?" என்றார் எங்கள் ஆறு பேரில் ஒருவரான அந்தத் துணிக்கடைக்காரர். பிறகு, வழக்கம் போல எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விளக்கை இழுத்து வைத்து, குறை தேடினேன். முன்பக்கம் ஒன்றும் அகப்படவில்லை. திருப்பினேன். கழுத்துப் பட்டைக்குக் கீழே, முதுகில், ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. நகத்தால் தடவினேன். சொட்டிய பெயிண்ட் என்றால் கீழே கொஞ்சமாவது வழிந்திருக்க வேண்டும். இது ஓரம் பிசகாத வட்டம், வேண்டுமென்றே வைத்தது. அது என் நகத்துக்குத் தெரிந்துவிட்டது. ஏன் வைத்தான் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். 'முதுகில் பெயிண்ட் சொட்டியிருக்கிறது. கவனக்குறைவு. போட்டிக்குத் தகாது' என்று எழுதினேன்.

"நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார்கள். என் கேப்டன் கோவைக்குப் போனான். எந்தப் பரிசும் இல்லாமல், ஒரு கீறலும் இல்லாமல் திரும்பி வந்தான்.

அதற்கு அடுத்த வாரம் மைத்துனனுக்குக் கேப் மாட்டினார்கள். நான் செய்த கேப். நேராக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே, "எம்பொம்மை எப்பிடீங்க மாமா, தேறுச்சுங்களா?" என்று கேட்டான்.

"எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு மாப்ள. பின்னாடிதான் ஒரு சொட்டு உழுந்திருச்சு. அதுல போயிருச்சு."

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நான் செய்த பல் தெரியச் சிரித்தான்.

"ஐய, அது சொட்டு இல்லீங்க. திருஷ்டிக்கு வெச்சதுங்க. வேல நல்லா வந்துருச்சுன்னு மனசுக்குப் பட்டா, கண்ணுக்குத் தெரியாத எடத்துல ஒரு பொட்டு வெச்சுத்தானுங்க பட்டறைய உட்டு வண்டிய அனுப்புவோம். சுமாரா வந்த வேலைக்கு வெக்கமாட்டோம். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சொல்லுவாங்கல்லங்க."

"நம்மூட்டுல யாருடா அதுக்குக் கண்ணு வெக்கப் போறாங்க?" என்றாள் மனைவி, ரசம் ஊற்றிக்கொண்டே.

"அதானுங்க்கா. இருந்தாலும் ஒரு பழக்கம்" என்றான் அவன். மதிப்பெண் போனதில் அவனுக்கு எந்த வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. இன்னொரு கை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அவனைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்தேன். குழுவுக்கு எழுதினேன்: 'அது சொட்டு அல்ல. தெரிந்தேதான் தப்பாக எழுதினேன்.' அனுப்பிவிட்டு, இரண்டு கேப்டன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதுகு தெரியத் திருப்பினேன். அவனுடையதில் அந்தக் கறுப்புப் பொட்டு. என்னுடையது துடைத்துவிட்டது போலச் சுத்தமாக இருந்தது. மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட, அதன் மேல் யார் கண்ணாவது பட்டுவிடும் என்று எனக்குப் பயம் வந்ததில்லை.