நசுங்காத எலுமிச்சம்பழம்

ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அவர் ட்ராக்டர் ஓட்டினார். நோயாளி மனைவியைக் கொழுந்து லொறியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போக அவருக்கு மனம் வரவில்லை. மலிவாக வந்த, ஓடிக் களைத்த சொகுசுக் காரொன்றைக் காட்டி, தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாரான என்னிடம், "வாங்கலாங்களா சேர்?" என்று கேட்டார். காரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, "தாராளமா வாங்குங்க" என்றேன்.

வாங்கியவர் அதை லயத்து வீட்டு வாசலிலேயே மாதக்கணக்கில் கழற்றிப் பூட்டினார். ஸ்டார்ட் பண்ணுமுன் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். பழங்கள் நசுங்காமலே காய்ந்தன.

அந்த அம்மாவின் கடைசிப் பயணமும் கொழுந்து லொறியில்தான்.

துக்கம் கேட்கப் போனேன். காரின் பின்கதவைத் திறந்துவிட்டார்.

"உக்காருங்க சேர். நீங்க சொன்ன மாதிரி நல்ல காருங்க. அவ இதுல உக்காந்துதான் தேத்தண்ணி குடிப்பா."

உட்கார்ந்தேன். என்ன சொல்லி இறங்குவதென்று தெரியவில்லை.