நல்ல தண்ணி என்று சொன்னவர்

எங்கள் பகுதியில் குழாய்த் தண்ணீர் முறைப்பாடுகளுக்கென்று ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. தண்ணீர் வரவில்லை, வந்தாலும் கலங்கல், குளோரின் மணம் தாங்க ஏலாது என்று விடிந்தால் பொழுதுபட்டால் அதே பல்லவிதான். கடந்த செவ்வாய்க்கிழமை காலை அதில் யாரோ மண்ணிறத் தண்ணீர் நிரம்பிய வாளியின் படம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே, ஜெயசீலன் சேர் இன்று அதிகாலை காலமாகிவிட்டார் என்று ஒரு வரி. அதற்கும் கீழே, எங்கள் வீட்டிலும் இதே நிறம்தான் என்று இன்னொருவர் வாளிக்குப் பதில் எழுதியிருந்தார். நான் குசினியில் நின்றபடி அந்த மூன்றையும் திரும்பத் திரும்ப வாசித்தேன். முதலில் கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் கோபப்படவும் தெம்பில்லாமல் போயிற்று.

அந்தோனிப்பிள்ளை ஜெயசீலன் என்பது அவருடைய முழுப் பெயர். ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் வீடு. நகரத்தில் தண்ணீர் அலுவலகம் ஒன்றில் நீர்ப் பரிசோதகராக முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து, இரண்டு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றவர். அலுவலகத்தின் பெயர் வேண்டாம், அறிந்தவர்கள் அறிவார்கள். அவரை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் இந்த ஊரில் குழாயைத் திறந்து யோசிக்காமல் தண்ணீர் குடித்திருந்தால், அந்த யோசனையை உங்களுக்காக அவர் செய்திருக்கிறார்.

நான் கிண்ணியாக்காரி. அந்த அலுவலகத்துக்குக் கிளாக்கராக வந்து சேர்ந்த முதல் கிழமையே அவரைப் பற்றிய ஒரு சண்டையைத்தான் கண்டேன். மாதிரித் தண்ணீர்ப் போத்தல்கள் வைக்கும் அவருடைய ஐஸ் பெட்டிக்குள் சாரதி ஒருவர் வீட்டுக்கு வாங்கிய பாரை மீனை வைத்துவிட்டார். ஜெயசீலன் சேர் சத்தம் போடவில்லை. மீனை எடுத்துச் சாரதியின் மேசையில் வைத்தார். பெட்டியைச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினார். பிறகு ஒரு மாதம் அந்த மனிதரோடு கதைக்கவே இல்லை. "மீனுக்குப் பழுதாப் போகாம ஐஸ் வேணும், சரி. தண்ணியும் பழுதாப் போற சாமான்தான் எண்டு இவங்களுக்கு ஆர் சொல்லுறது?" என்று என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னார்.

அவர் வேலை செய்யும் விதத்தைப் பார்க்கச் சனம் வாசலுக்கு வரும். முதலில் குழாயைத் திறந்து இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓட விடுவார். வாளி வைத்துக் காத்திருக்கும் பெண்களுக்கு வயிறு எரியும், வாய்க்கு வந்தபடி பேசுவார்கள். அவரே வாளியை எடுத்துக் குழாய்க்குக் கீழே வைத்துக் கொடுப்பார். பிறகு குழாயை மூடி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்தி அதன் வாயைச் சுற்றிக் காட்டுவார். குழாயின் வாயில் இருக்கும் கிருமி போத்தலுக்குள் போகக் கூடாது என்பதற்காக. வேதக்காரர் குழாய்க்கு ஆலாத்தி எடுக்கிறார் என்று ஒரு பகிடி பரவி, கடைசியில் கப்பல்துறை வரைக்கும் அவருக்கு ஆலாத்தி சேர் என்றே பெயர் விழுந்துவிட்டது. தேவாலயத்தில் பாதிரியாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

இன்னொரு போத்தலில் தண்ணீர் எடுத்து அதற்குள் சின்னக் குளிசை ஒன்றைப் போடுவார். தண்ணீர் ரோஸ் நிறமானால் அவர் முகம் மலரும், ஏனென்றால் கிருமி கொல்லும் குளோரின் கடைசி வீடு வரைக்கும் வந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். பார்த்து நிற்கிற சனமோ நிறம் மாறியதைக் கண்டு பயந்து ஓடும். நிறம் மாறாவிட்டால் தண்ணீர் சுத்தம் என்று சனம் சந்தோசப்படும், இவர் முகம் கறுக்கும். இதை வீட்டுக்கு வீடு விளங்கப்படுத்தி அலுத்துப்போய் வந்து மேசையில் தலையை வைத்துப் படுப்பார். "ஏலாது மிஸ். கண்ணால பாக்கிறதைத்தான் நம்புதுகள்," என்பார்.

இனி எழுத வேண்டியதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

உட்துறைமுகத்தைப் பார்த்தபடி ஓர் ஒழுங்கை இருக்கிறது. பன்னிரண்டு வீடு. அங்கே கிணறு தோண்டினால் உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீர்தான். சோறு மஞ்சளாகும், தேத்தண்ணி திரைந்துபோகும், தலையில் சவர்க்காரம் நுரைக்காது. எத்தனையோ மனுக்களுக்குப் பிறகு, பதினைந்து வருடத்துக்கு முன் அந்த ஒழுங்கைக்குக் குழாய் போட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை முதல் தண்ணீர் வந்தது. ஜெயசீலன் சேர் மாதிரி எடுக்கப் போனார். மதியத்துக்கு முன் ஒழுங்கைச் சனம் பாதி அலுவலகத்தில் வந்து நின்றது. குடிக்கலாமா, எப்போது குடிக்கலாம் என்று ஒரே கேள்வி. மேலதிகாரி கூட்டமொன்றுக்குப் போயிருந்தார். ஓர் அறிவித்தல் எழுதிக் குழாயடியில் ஒட்டச் சொல்லி என்னிடம் விட்டுப் போனார்.

அலுவலகம் மூடும் நேரத்தில் சேர் தொலைபேசியில் எடுத்தார். அவர் சொன்னதை இன்றைக்கும் சொல்லுக்குச் சொல் என்னால் சொல்ல முடியும். "உப்புப் பாத்திட்டன் மிஸ். நல்ல தண்ணி. ஆனா குளிசை போட்டா நிறம் வடிவாப் பிடிக்கேல்லை. கிருமிப் பரிசோதனை நாளைக்குப் பின்னேரம்தான் தெரியும். அதுவரைக்கும் கொதிக்க வச்சுக் குடிக்கச் சொல்லி எழுதுங்கோ."

எங்கள் ஊரில் நல்ல தண்ணி என்றால் உப்பில்லாத தண்ணீர், அவ்வளவுதான். சவருக்கு எதிர்ச்சொல். அவர் அந்த அர்த்தத்தில்தான் சொன்னார். நானும் அந்த அர்த்தத்தில்தான் கேட்டேன். ஆனால் சின்ன வயதிலிருந்து சவர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவளுக்கு, உப்பில்லை என்ற பிறகு வேறு என்ன வேண்டியிருக்கிறது என்றுதான் மனம் சொல்லும். எதிரே சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. கிண்ணியா பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு ஒரு மணித்தியாலம் நிற்க வேண்டும். நான் ஒரு கடதாசி எடுத்து, பரிசோதகர் பார்த்துவிட்டார், நல்ல தண்ணீர் என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். கொதிக்க வைப்பதைப் பற்றி எழுதவில்லை. சனம் அதைக் கையில் வாங்கிக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போகிறதுபோலப் போனது.

சனிக்கிழமை விடுமுறை. அன்று பின்னேரம் அவர் தனியாக வந்து, மாதிரியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க வைக்கும் சூட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். தண்ணீரில் மலக்கிருமி இருந்தது. குழாய் போன வழியில் மலக்குழி ஒன்றுக்குப் பக்கத்தில் ஓர் இணைப்புச் சரியாக இறுகவில்லை என்பது பிறகு தெரிந்தது. அந்தக் கணமே ஓர் ஓட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஒழுங்கைக்கு ஓடினார். அங்கே போன பிறகுதான் என் கடதாசியைக் கண்டார். கொதிக்க வைக்கச் சொல்லி எழுதியிருக்கும் என்று நம்பி முதல் நாள் நிம்மதியாகப் படுத்த மனிதர்.

வீட்டுக்கு வீடு சத்தியும் வயிற்றோட்டமும். சரோஜா என்றொருவரின் ஒரு வயதுப் பெண் பிள்ளை ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. நாலாம் நாள் வைத்தியர் கையை விரித்துவிட்டார் என்று கேள்விப்பட்டபோது நான் அலுவலகக் கக்கூசுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். அல்லாஹ்வின் கிருபை, பிள்ளை பிழைத்தது.

விசாரணை வந்தது. அறிவித்தலைக் காணவில்லை. நல்ல தண்ணீர் என்று சொன்னது யார் என்று கேட்டார்கள். "நான்தான் சொன்னனான்," என்றார் ஜெயசீலன் சேர். அது பொய்யில்லை. எழுதியது யார் என்று கேட்டார்கள். பரிசோதகரின் சொல்லைத்தான் எழுதியிருக்கிறது, ஆகவே அது தன் பொறுப்பு என்றார். கொதிக்க வைக்கச் சொன்ன கதையை வாயே திறக்கவில்லை. நான் பக்கத்துக் கதவோரம் கோவைகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல், ஒரேயொரு சொல் சொல்லியிருக்கலாம். கோவைகளைக் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

பிறகு அவரிடம் போய் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். கடதாசியைக் கிழித்து எரித்துவிட்டதாகச் சொன்னார். "உங்களுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகேல்லை மிஸ். எனக்கு நிரந்தரம். எனக்கு வேலை போகாது, பேர்தான் போகும்," என்றார். பெருந்தன்மையாகப் பேசுகிற மனிதரின் குரலில்லை அது. களைத்துப்போன குரல். என்னோடு அவருக்குக் கோபமும் இருந்தது. இரண்டு மாதம் என் முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

சொன்னபடியே பேர் போனது. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் மேலே போனார்கள், அவர் இருந்த இடத்திலேயே இருந்து ஓய்வு பெற்றார். ஒழுங்கைச் சனம் அவரை ஆலாத்தி சேர் என்று கூப்பிடுவதை விட்டது. பொய்த் தண்ணிக்காரன் என்றது. அவர் கிழமைக்கு ஒரு தரம் அந்த ஒழுங்கைக்குப் போவதை ஓய்வு பெறும் நாள்வரை விடவில்லை. அங்கே கடைசி வீடு சரோஜாவினுடையது. குழாயின் கடைசியில்தான் குளோரின் குறையும் என்பதால் அந்த வாசல் குழாயில்தான் மாதிரி எடுக்க வேண்டும். சரோஜா இவரைக் கண்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்துவார். நல்ல தண்ணி என்ற சொல்லை மட்டும் அதன் பிறகு ஜெயசீலன் சேர் வாயால் நான் கேட்டதில்லை. உப்பில்லை என்பார். குடிக்கலாமோ என்று நாளைக்குச் சொல்கிறேன் என்பார்.

எனக்கு வேலை நிரந்தரமானது. நானும் ஓய்வு பெற்றேன். இனியாவது உண்மையைச் சொல்லட்டுமா என்று மூன்று மாதத்துக்கு முன் சந்தையில் கண்டபோது கேட்டேன். ஒரு கையில் முருங்கைக்காய்க் கட்டு, மற்றக் கையால் நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றார். "இனி என்னத்துக்கு மிஸ்? விடுங்கோ," என்றார். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி வந்து, "அந்தப் பிள்ளை ஓ.எல். சோதினை எடுக்குதாம், தெரியுமோ?" என்றார். அதுதான் நான் கேட்ட கடைசிச் சொல்.

செத்த வீட்டுக்குப் புதன்கிழமை போனேன். அவருடைய மனைவி ரோசலின் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களைப் பற்றி அவர் ஒரு நாளும் கூடாமல் சொன்னதில்லை என்றார். அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அங்கே இருக்க முடியாமல் வெளியே வந்தேன். படலையடியில் சரோஜா நின்றார். மகள் கட்டாயப்படுத்திக் கூட்டி வந்திருக்கிறார். மகள் உள்ளே போய்விட்டார், இவர் போகவில்லை.

"செத்த ஆளைக் கூடாமக் கதைக்கக் கூடாது," என்றார் சரோஜா. "எண்டாலும் மிஸ், அந்த மனிசன் சொல்லி ஒட்டினதை என்னால மறக்க ஏலாது."

"அவர் சொன்னதில பாதியை விட்டு எழுதினது நான்," என்றேன்.

வெயிலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தொலைபேசியில் அவர் சொன்னதை, நான் விட்டதை, விசாரணையை, எரித்த கடதாசியை. சரோஜா என்னை அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கொதிக்க வைக்கச் சொன்னவரோ?"

"ஓம். சொன்னவர்."

"பதின்மூண்டு வருசம்," என்றார். "கிழமைக்கு ஒருக்கா என்ர வாசலுக்கு வந்த மனிசன். ஒரு நாளாவது இருங்கோ எண்டு நான் சொல்லேல்லையே."

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். சிறிது நேரத்தில் பெட்டியை வெளியே எடுத்தார்கள். சேமக்காலைக்குப் போன கூட்டத்தில், ஆண்களை இடித்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் அவர் நடந்ததைக் கண்டேன். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இதை எழுதினால் ஒழுங்கைச் சனம் வாசிக்கும் என்றுதான் நினைத்தேன். பிறகு யோசித்தேன், கடதாசியில் எழுதி ஒட்டிவிட்டு பஸ் பிடிப்பது எனக்குப் பழகிய வேலை. ஆகவே நேரே போகத் தொடங்கினேன். நேற்று மூன்று வீடு. ஒரு வீட்டில் ஏசினார்கள், ஒரு வீட்டில் அழுதார்கள், ஒரு வீட்டில் தேத்தண்ணி தந்தார்கள். ஏச்சுத்தான் எனக்கு இலேசாக இருந்தது. முழங்கால் நோகிறது.

இளைப்பாறுங்கள், சேர். சரோஜாவுக்குத் தெரியும், இன்னும் எட்டு வீடு இருக்கிறது. நாளைக்குப் போகிறேன்.