கிறிஸ்ரோபர் அண்ணையின் மரியாதை

எங்கள் சின்ன ஆஸ்பத்திரியின் அம்புலன்ஸ் சாரதி கிறிஸ்ரோபர் அண்ணையிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் மரியாதை. பதினாறு வருடம் மிஸியாக, அதுதான் நர்ஸாக, இருந்து பார்த்தவள் சொல்கிறேன், அந்த மரியாதை ஆளைக் கொல்லும்.

நோயாளியை ஏற்றியதும் கதவைப் பிடித்தபடி உறவினர்களிடம், "எல்லாரும் வெளிக்கிட்டாச்சோ?" என்று கேட்பார். யாழ்ப்பாணத்தில் வெளிக்கிடுவது என்றால் நல்லதாக உடுத்துப் புறப்படுவது; இப்படிக் கேட்டால் உருப்படுமா? எல்லாரும் வீட்டுக்கு ஓடுவார்கள். உடுப்பு மாற்றி, பிளாஸ்க்கில் தேத்தண்ணீர் ஊற்றி, தலையணை எடுத்து, போதகரையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். ஒருமுறை மாமனார் வாய் கோணிக் கிடக்க, மருமகள் வீட்டில் சேலைக்கு அயன் பண்ணிக்கொண்டிருந்தாள்.

புதிதாக வந்த டொக்டர் தர்ஷிகா மணிக்கூட்டைப் பார்த்தார். பாரிசவாதம் வந்தவர் எங்கள் வாசலுக்கு வந்து, பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் புறப்பட நாற்பத்தேழு நிமிடம். மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி அங்கேதான் இருக்கிறது. நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும்.

"அண்ணை, இனி நீங்கள் அந்தக் கேள்வி கேக்கப்படாது. கூட ஒராள், நிண்ட கோலத்திலை ஏறவேணும்."

"ஓம் டொக்டர். ஆனா சனம் என்ன நினைக்கும்?"

மரியாதைகெட்டுப் பேச என்னிடம்தான் பழகினார். "ஏறுங்கோ" என்று உறுக்குவார்; அடுத்த மூச்சில் "குறை நினைக்காதையுங்கோ" என்பார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. மூன்று மாதத்தில் ஒருவாறு தேறினார். ஒரு ஐயா இடுப்பில் சாரமும் தோளில் துவாயுமாகப் பட்டணம் போனார். ஒரு பெண் அரைத் தலை பின்னியபடி போனாள். நேரம் பன்னிரண்டு நிமிடத்துக்கு இறங்கியது. கிறிஸ்ரோபருக்குத் தலைக்கனம் பிடித்துவிட்டதாகக் கொடிகாமம் சந்தையில் கதைத்தார்கள். பாவம், மனுசன் அழாத குறை.

பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஓட்டோவில் வந்து இறங்கியது அவருடைய மனைவி பியாட்றிஸ். உடுவிலில் படிப்பித்து ஓய்வுபெற்ற ரீச்சர். சேலை இல்லாமல் வீட்டுக் கேற்றடிக்கே வராதவர். அன்றைக்கு மீன்குழம்பு பட்ட, தோள் கிழிந்த ஹவுஸ்கோட். வலக்கை தொங்கியது. வாய் கோணியிருந்தது. பேச்சு இல்லை.

அம்புலன்சில் ஏற்றும்போது ரீச்சர் இடக்கையால் கதவை இறுக்கிப் பிடித்தார். பிறகு கிழிந்த தோளைக் காட்டினார், வீட்டுப் பக்கம் காட்டினார், மறுபடி கதவைப் பிடித்தார்.

கிறிஸ்ரோபர் அண்ணை என்னைப் பார்த்தார். "மிஸி, ஐஞ்சே ஐஞ்சு நிமிஷம். ஒரு சீலை மட்டும்..."

"ஊர்ச் சனத்தை அரைத் தலையோடை ஏத்தினனீங்கள். உங்கடை மனுசிக்கு மட்டும் வேறை சட்டமோ?" என்று கத்தினேன்.

அவர் மனைவியின் விரல்களை ஒவ்வொன்றாகக் கதவிலிருந்து எடுத்தார். "ஏறுங்கோ மிஸி" என்றார். குறை நினைக்கவேண்டாம் என்று சொல்லவில்லை. வந்த எட்டாவது நிமிடம் புறப்பட்டோம். கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓட்டினார்.

ஊசியை நேரத்துக்குப் போட்டுவிட்டார்கள். பேச்சு திரும்புமா என்பதை மட்டும் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

அடுத்தநாள் போய்ப் பார்த்தேன். கட்டிலைச் சுற்றித் தேவாலயச் சனம். ரீச்சர் ஹவுஸ்கோட்டை மறைக்கப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, கணவரையே முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல வாயைத் திறந்தார்.

"இவ்வளவு சனத்துக்கு முன்னாலை... கிழிஞ்ச சட்டையோடை... கொண்டந்து போட்டிட்டியள். வெக்கமில்லையோ உங்களுக்கு?"

கிறிஸ்ரோபர் அண்ணை கட்டிலடியில் குந்தி அவருடைய வலக்கையைப் பிடித்தார்.

"இன்னொருக்காச் சொல்லும், பியாட்றிஸ்."