கடைசி நட்டு

பண்டத்தரிப்பில் அந்தக் கொல்லரை ஒருநாள் மட்டுந்தான் கண்டேன். நெருப்பில் கண் சிவந்த, மெலிந்த மனிதர். எங்கள் கார் ஊரூராக இழுத்துப்போகும் மருந்து வண்டிலின் அடியில், மாற்றுச் சில்லைக் கொழுவ இரும்புச் சட்டம் பொருத்தினார். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. அந்தச் சில்லைப் பிடித்திருக்கும் கடைசி நட்டை மட்டும் இறுக்காமல் என்னைக் காக்கவைத்தார்.

"அண்ணை, உதையும் இறுக்கிவிடுங்கோவன்!" என்று எரிந்து விழுந்தேன்.

"இப்ப என்ரை கை பலமாக் கிடக்கு, தம்பி. சில்லு காத்துப் போகேக்கை நீர் களைச்சிருப்பீர். நானும் களைச்ச பிறகு இறுக்கிறன். அப்பதான் உம்மாலை கழட்டேலும்."

பொழுதுபடும்வரை வேறு இரும்புகளை அடித்துக் களைத்தபின்தான் இறுக்கினார். மணல் ஒழுங்கைகளில் எத்தனை குலுங்கியும் நட்டு அசையவில்லை.

மாரியில், சாவகச்சேரி வெளியில் வண்டில் சில்லு காற்றுப் போனது. இரண்டு நாள் நித்திரையில்லாத கை. அதில் மிஞ்சியிருந்த பலத்துக்கே நட்டு இளகியது. அன்று அவர் எவ்வளவு களைத்திருந்தார் என்று, அந்தச் சேற்றில் கிடந்துதான் அறிந்தேன்.