இந்த வருஷம் மேட்ச் எந்த ஆப்பில்?

கால்பந்தில் பந்தைத் துரத்த இருபத்திரண்டு பேர். அமெரிக்காவில் அந்தப் பந்தைக் காட்டும் உரிமையைத் துரத்த அரை டஜன் கம்பெனிகள். அந்தக் கம்பெனிகளைத் துரத்தும் ஜனங்களுக்குப் போனில் பதில் சொல்வது என் தொழில்.

உங்களுக்குத் தெரியாததா என்ன? இங்கிலாந்து லீக் ஒரு ஆப்பில், ஸ்பெயின் லீக் இன்னொன்றில். இத்தாலி லீக் போன வருஷம் இருந்த இடத்தில் இந்த வருஷம் இல்லை. நாலாவது ஆப் ஒன்று உண்டு, அதன் பாஸ்வேர்டு மச்சினன் கையில். சனிக்கிழமை காலையில் காபியோடு சோபாவில் உட்கார்ந்து, அரை மணி நேரம் ரிமோட்டில் மேட்சைத் தேடியிருப்பீர்கள். கடுப்பாகி ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டிருப்பீர்கள். அந்தப் போனை எடுத்த புண்ணியவதி நானாகக்கூட இருக்கலாம். நீங்கள் திட்டியதையெல்லாம் அப்போதே மறந்துவிட்டேன், கவலைப்படாதீர்கள்.

நான் ஈரோட்டுக்காரி, பெயர் கோமதி. டெக்சாஸ் பிளானோவில் ஒரு ஸ்ட்ரீமிங் கம்பெனியில் ஐந்து வருஷம் இருந்தேன். பேருக்கு சப்போர்ட் சிஸ்டம் இன்ஜினியர். ஆனால் முதலில் போன் எடுக்கும் ஆளிடம் தீராத கால் எல்லாம் எங்கள் டீமுக்குத்தான் வரும். எங்கள் டீமே இங்கிலாந்து லீக்கை நம்பி உட்கார்ந்திருந்தது. அந்த லீக்கின் உரிமை சில வருஷத்துக்கு ஒரு முறை ஏலத்துக்கு வரும். இந்த முறை எங்கள் கம்பெனி தோற்றால் டீம் காலி. டீம் காலியானால் என் எச்-1பி வேலை விசாவுக்கு அறுபது நாள்தான் தவணை, அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் நாட்டை விட்டே கிளம்ப வேண்டும். என் விசாவைத் தொற்றிக்கொண்டுதான் வீட்டுக்காரரும் இந்த ஊரில் இருந்தார். ஆக, மேட்ச் எந்த ஆப்பில் என்பது உங்களுக்குச் சனிக்கிழமைப் பிரச்சினை, எனக்குக் குடும்பப் பிரச்சினை.

கடைசி வரி

எங்கள் டீமில் ஒரு வழக்கம் உண்டு. கால் முடிந்ததும் நாங்கள் நிரப்பும் ஃபார்மின் அடியில் இருக்கும் பெட்டியில் கஸ்டமர் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுத வேண்டும். பக்கத்து சீட் லிண்டா, இருபது வருஷமாகப் போன் எடுக்கிற டெக்சாஸ்காரி, அவள்தான் இதை எனக்குப் பழக்கினாள். "மத்த பெட்டியில் எல்லாம் நாம எழுதறது, இந்த ஒண்ணுலதான் அவங்க பேசறாங்க" என்பாள். அதை மேலே யாரும் படிப்பதில்லை. நான் மட்டும் பிடித்த வரிகளை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். இங்கிலீஷில் சொன்னதைத் தமிழாக்கித் தருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதன்முதலில் நோட்டில் ஏறியவர் கலிபோர்னியா குபெர்டினோவில் இருந்து பேசிய ஒரு இன்ஜினியர். சீசனின் பெரிய மேட்ச், எங்கள் ஆப்பில் இல்லை. அவர் வைத்திருந்த மற்ற மூன்று ஆப்பிலும் இல்லை. நான் அட்டவணையைப் பார்த்துச் சொன்னேன்: "சார், இன்னைக்கு மட்டும் அதைச் சாதாரண டிவி சேனல்ல இலவசமா காட்டறாங்க. ஆன்டெனா இருந்தா போதும்." மறுமுனையில் வீட்டுச் சாமான்களை எண்ண ஆரம்பித்தார். மனிதர் வீட்டில் லேப்டாப் மூன்று, ஐபேட் இரண்டு, சுவரளவுக்குப் படம் காட்டும் புரொஜெக்டர் ஒன்று. கடைசியில் சொன்னார்: "நாலு ஆப் வாங்கினேன். டிவின்னு ஒண்ணு வாங்கணும்னு ஒருத்தரும் சொல்லலையே!"

எடிசன் டாக்டர்

நியூ ஜெர்சி எடிசனில் இருந்து ஒரு ரிட்டயர்டு டாக்டர் பேசுவார். யாழ்ப்பாணத்துக்காரர். இங்கிலாந்து லீக், இத்தாலி லீக் இரண்டையும் விடாமல் பார்ப்பவர். முதல் தடவை என் பெயரைக் கேட்டதுமே, "பிள்ளை, நீங்கள் தமிழோ?" என்றார். ஆமாங்க என்றேன். அதற்கப்புறம் இங்கிலீஷை மூட்டை கட்டிவிட்டார். "இத்தாலி மட்ச் உங்களிட்டைத்தானே இருந்தது? இப்ப காணேல்லை. எங்கை போட்டுது?"

இத்தாலி லீக்கை எங்களிடமிருந்து எதிர்க் கம்பெனி தட்டிக்கொண்டு போயிருந்தது. அவர்கள் ஆபீஸ் லெகசி என்ற பேட்டையில், டோல்வே என்கிற கட்டணச் சாலைக்கு அந்தப் பக்கம், எங்கள் ஜன்னலிலிருந்தே தெரியும். எங்களுக்கு விதி: "அந்த லீக் எங்களிடம் இல்லை" என்று மட்டும் சொல்லலாம், எங்கே போனது என்று சொல்லக்கூடாது. நானும் இரண்டு தடவை விதிப்படி சொல்லிப் பார்த்தேன். டாக்டர் விடவில்லை. வயசான மனுஷன், மேட்ச் தொடங்கப் பத்து நிமிஷம் இருக்கிறது. சொல்லிவிட்டேன். எந்த ஆப், எப்படி இறக்குவது, எந்த பட்டனை அழுத்துவது, எல்லாம் தமிழிலேயே.

கால் எல்லாம் ரெக்கார்டு ஆகும். "அறியாத மொழி" என்று கம்ப்யூட்டர் கொடி காட்ட, மேனேஜர் பிரையன் என்னைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார். எனக்குப் பொய் சொல்ல வராது. ஒரு வரி விடாமல் சொன்னேன். பிரையன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: "அடுத்த தடவை வழி சொல்லு, பரவாயில்லை. ஆனா டோல்வேல டிராஃபிக் ஜாஸ்தின்னாவது சேர்த்துச் சொல்லு."

புல்லுக்குத் தண்ணீர்

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் வருகிற ஒரு வியாதி உண்டு. மார்ச் மாதம் அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும். ஐரோப்பாவும் தள்ளும், ஆனால் இரண்டு மூன்று வாரம் கழித்து. நடுவில் வருகிற சனிக்கிழமைகளில், வழக்கமாக எங்களுக்குக் காலை ஒன்பது மணிக்கு வருகிற மேட்ச் பத்து மணிக்கு வரும். மனுஷனுக்கே இது குழப்பம். எங்கள் சிஸ்டத்துக்கு யாரும் சொல்லவே இல்லை. நான் முந்தின வாரமே மெயில் போட்டேன். "பார்க்கிறோம்" என்று பதில் வந்தது. பார்த்தார்கள், நன்றாகப் பார்த்தார்கள்!

ஒன்பது மணிக்கு ஒளிபரப்பு ஆரம்பித்தது. திரையில் காலி மைதானம். ஒரு ஆள் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு மேட்ச் ஆரம்பித்தது. பதினொரு மணிக்கு, இடைவேளை முடிந்து ஆட்டக்காரர்கள் இரண்டாம் பாதிக்கு நடந்து வரும்போது, இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது என்று சிஸ்டம் சட்டென்று கட் பண்ணிவிட்டது. அடுத்த நொடி எல்லா போனும் ஒரே நேரத்தில் அலற ஆரம்பித்தது. எனக்கு வந்த கோபத்தில் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டினேன்: "லண்டன் மணியைப் பார்!" அது கடைசிவரை அங்கேயே இருந்தது.

அன்று வந்த அத்தனை காலிலும் ஒரே ஒருவர்தான் திட்டவில்லை. ஆஸ்டினில் இருந்து பேசினார், அவருடைய கிளப் அந்த சீசன் முழுக்க உதை வாங்கிக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கும்மா மன்னிப்பு? அந்தத் தண்ணி விட்ட ஒரு மணி நேரம்தான் இந்த வருஷத்திலேயே நாங்க தோக்காம இருந்தது."

கூட்டுக் குடும்பம்

சன்னிவேலில் இருந்து நம்ம ஊர்ப் பையன் ஒருவன். அக்கவுண்ட் லாக் ஆகிவிட்டது. எடுத்துப் பார்த்தால் ஒரே நேரத்தில் சன்னிவேலில் ஒன்று, பிளானோவில் ஒன்று, எடிசனில் இரண்டு என்று ஓடியிருக்கிறது. "இது ஒரு வீட்டுக்கு மட்டும்தான் சார்" என்றேன். அக்கா பிளானோ, பெரியப்பா பையன் எடிசன், அவன் மாமனாரும் எடிசன்தான், ஆனால் மாடியில் இருக்கிறார் என்று வம்சாவளியையே ஒப்பித்தான். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. போனை மியூட்டில் போட்டுச் சிரித்து முடித்துவிட்டு, விதிமுறையைப் படித்துக் காட்டினேன். மேடம், மேடம் என்று ஆரம்பித்தவன் என் தமிழைக் கேட்டு அக்காவுக்கு மாறியிருந்தான். "சரிக்கா, அப்ப கூட்டுக் குடும்பம்னு ஒரு பிளான் போடச் சொல்லுங்க, இந்தியாவே வாங்கும்!"

ஏலம்

ஏலம் எப்படி நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? யாரும் கையைத் தூக்கிக் கூவுவதில்லை. மூடிய கவர். யார் எவ்வளவு சொன்னார்கள் என்று வெளியே தெரியாது. வாரக்கணக்கில் மேலதிகாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்தார்கள். ஒரு புதன்கிழமை மதியம் பிரையன் எங்களை எல்லாம் மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டார். மேஜையில் டோனட் பெட்டி இருந்தது. டோனட்டைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நல்ல செய்திக்கு எங்கள் கம்பெனி கேக் வாங்கும்.

இங்கிலாந்து லீக் டோல்வேயைத் தாண்டிப் போய்விட்டது. சீசன் முடிந்ததும் டீம் கலைப்பு. பிரையனுக்கும் அதே கதிதான், பாவம். வீட்டுக்கு வந்து சொன்னேன். வீட்டுக்காரர் தோசைக் கல்லை அடுப்பில் வைத்தார். ஆறாவது படிக்கும் மகள், "ஆர் வி மூவிங், அம்மா?" என்றாள். "இல்லை கண்ணு" என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் சொன்ன பிறகு, சொன்னதைக் காப்பாற்றியே தீருவது என்று பிடிவாதம் வந்துவிட்டது.

கடைசி நாள் லிண்டா தன் ஹெட்செட்டைச் சுருட்டி வைத்துக்கொண்டே சொன்னாள்: "நான் ஒரு மேட்ச்கூட முழுசா பார்த்ததில்ல கோமதி. ஆனா இந்த வருஷம் லீக்ல கடைசி இடம் நமக்குத்தான்."

சுவரைப் பார்த்த இன்டர்வியூ

அறுபது நாளில் நாற்பத்து நான்கு போயிருந்தது. பதினாறு இடத்தில் அப்ளை பண்ணி, பாதிப் பேர் பதிலே போடவில்லை. அப்போதுதான் எதிர்க் கம்பெனி கூப்பிட்டது. எதிர்க் கம்பெனி என்று சொல்லி வாய் பழகிவிட்டது, மன்னிக்கணும். டோல்வேயைத் தாண்டிப் போனேன். கரோல் என்ற மேனேஜரம்மாவும் இன்னும் இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அவர்கள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. விசா என்றதும் ஒருவர் பேனாவை மூடி வைத்தார். அந்தப் பேனா மூடிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"எங்களிடம் ஏதாவது கேட்கணுமா?" என்றார் கரோல். அவர் தலைக்குப் பின்னால் வரப்போகும் சீசனின் அட்டவணையைப் பெரிய தாளில் அடித்து ஒட்டியிருந்தார்கள். எனக்குக் கண் அதிலேயே இருந்தது. "அக்டோபர் முடியற வாரத்துச் சனிக்கிழமை மேட்ச் ஒன்பது மணின்னு போட்டிருக்கீங்க. அது பத்து மணிங்க" என்றேன். மூன்று பேரும் திரும்பிச் சுவரைப் பார்த்தார்கள். மார்ச்சில் நாம் முந்துவது மாதிரி, அக்டோபரில் லண்டன் ஒரு வாரம் முந்தும் என்று விளக்கினேன். புல்லுக்குத் தண்ணீர் விட்ட கதையையும் சொன்னேன், எங்கள் கம்பெனி பெயர் கெடாத அளவுக்கு. "இதை மாத்தலைன்னா நீங்களும் பதினொரு மணிக்கு இரண்டாம் பாதியைக் கட் பண்ணுவீங்க. அன்னைக்கு வர போனை எடுக்க எவ்வளவு ஆள் வெச்சிருக்கீங்க?"

கரோல், பேனாவை மூடியவர் பக்கம் திரும்பினார். "வக்கீல்கிட்ட சொல்லி இன்னைக்கே இவங்க விசா பேப்பரைப் போடச் சொல்லுங்க. அந்தச் சனிக்கிழமைக்கு முன்னாடி இவங்க இங்க இருக்கணும்."

பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் அழுதேன். பிறகு கண்ணாடியைப் பார்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டேன்.

ஆகஸ்ட் சனிக்கிழமை

புது சீசனின் முதல் சனிக்கிழமை. புது ஹெட்செட், புது நாற்காலி. ஜன்னலுக்கு வெளியே டோல்வே, அதைத் தாண்டி என் பழைய ஆபீஸ். ஃபார்மின் அடியில் "கடைசி வரி" என்று ஒரு பெட்டியைச் சேர்க்கச் சொல்லி முதல் வாரமே வாங்கிவிட்டேன். அந்தப் பெட்டி வேலையைப் பழக்குவதற்கு லிண்டாவையும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன், அடுத்த மாதம் அவளுக்கு இன்டர்வியூ.

எட்டரை மணிக்கு அன்றைய முதல் கால். நியூ ஜெர்சி நம்பர். "ஹலோ, திஸ் இஸ் கோமதி" என்றேன். மறுமுனையில் எடிசன் டாக்டர். இங்கிலாந்து மட்ச் பழைய ஆப்பில் காணவில்லை என்று தேடி இங்கே வந்தவர், மட்ச்சை மறந்துவிட்டார். அவர் சொன்னதை அப்படியே பெட்டியில் எழுதினேன், தமிழிலேயே. கம்ப்யூட்டர் கொடி காட்டினால் காட்டட்டும், கரோலுக்கும் மொழிபெயர்த்துச் சொல்கிறேன்.

"என்ன பிள்ளை, லீக்கோட சேர்த்து உங்களையும் வாங்கிப்போட்டினமோ?"

ஆகவே கூட இருந்து கஷ்டப்படும் நேயர்களே, இந்த வருஷம் மேட்ச் எந்த ஆப்பில் என்று நாலு ஆப்பையும் திறந்து தேடிக்கொண்டிருக்காமல், கோமதி இப்போது எந்த ஆபீஸில் இருக்கிறாள் என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.