மீதிக் கதை வேறொருவர் புத்தகத்தில்

காமிக்ஸ் கடைக்காரனுக்கு ஒரே வில்லன்தான்: கடைசிப் பக்கத்தின் அடியில், ‘மீதி அடுத்த ஹீரோவின் புத்தகத்தில்’ என்று பொடி எழுத்தில் இருக்கும் வரி. தொண்ணூறுகளில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை போட்டிருந்த நான் வாங்கிய ஏச்சு, உங்களில் கடை நடத்தியவர்களுக்குப் புரியும். ஹீரோக்கள் எல்லோரும் சேரும் பெருங்கதை வந்தால், அவரவர் புத்தகத்திலும் அதில் ஒரு துண்டு ஒட்டிக்கொள்ளும்.

அட்டைப்பட அழைப்பு

சின்னாளப்பட்டியில் சேலை நெய்யும் ராஜேஸ்வரி அக்காவுக்கு ஹீரோக்களில் நீலமுகமூடி என்றால் உயிர். பெருங்கதையின் அட்டையில் அவன் படத்தைப் பார்த்து ஆசையாக வாங்கிப் போனார். உள்ளே அவன் கூட்டத்தோடு நின்றது இரண்டே கட்டத்தில். மறுவாரம் வந்து பொரிந்தார்: “அட்டையில போட்டு அழைச்சுட்டு, எங்க ஆளைப் பந்தியில உக்கார வைக்காம வாசல்லயே நிப்பாட்டிப்புட்டாகளே!”

அண்ணன் பாதி, தம்பி பாதி

நத்தத்து அண்ணன் தம்பி இருவருக்கும் மாந்தோப்பைப் பிரித்ததிலிருந்து பேச்சில்லை. அண்ணன் சேவியர் இன்னொரு ஹீரோவான இடிக்கையன் கட்சி, தம்பி அமல்ராஜ் நீலமுகமூடி கட்சி. அந்தத் தடவை கதை இடிக்கையனில் தொடங்கி நீலமுகமூடியில் முடிந்தது. எனக்கு வந்ததோ ஒவ்வொன்றிலும் ஒரே பிரதி. முடிவைக் கேட்டு வந்த சேவியரிடம், “உங்க தம்பி வாங்கிட்டுப் போயிட்டாருண்ணே” என்றேன். விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார்.

பிறகொரு நாள் இருவரும் ஒரே மொபெட்டில் வந்து இறங்கினார்கள். சேவியர் மெதுவாகச் சொன்னார்: “வாசல்ல போயி நின்னு, ‘புஸ்தகத்துக்கு வந்தேன்’னேன். ‘சாப்ட்டுட்டுப் போ’ன்னுட்டான்.”

உசுரோட இருக்கிற புத்தகம்

கன்னிவாடி தனத்தின் கணவர் முருகேசன் லாரி ஓட்டுபவர். மஞ்சள்காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் கேட்டதற்காக நீலமுகமூடி வாங்க வந்த தனம், புரட்டிப் பார்த்ததும் வெளிறிப் போனார். நீலமுகமூடியை அடக்கம் செய்கிறார்கள்! அவன் செத்தது வேறு புத்தகத்தில். அது எனக்கே இன்னும் வரவில்லை. “இதை எப்படிண்ணே அவருகிட்டக் கொண்டுபோறது? உசுரோட இருக்கிறதாக் குடுங்க” என்றார். பழைய கட்டுகளைப் பிரித்துத் தேடித் தேடிக் கொடுத்தேன். தனத்தின் கண்ணில் மறுபடி படாதபடி புது இதழைக் கடையிலேயே கட்டுகளுக்கு அடியில் செருகி வைத்தேன்.

திடீரென்று தனம் வருவது நின்றது. யாரிடம் விசாரிப்பது என்று தெரியாமல் பாதையையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு மத்தியானம், தனத்தின் தோளைப் பிடித்தபடி முருகேசனே படியேறி வந்தார். கண்ணோரத்தில் இன்னும் மஞ்சள். மூச்சு வாங்கச் சிரித்தார்: “அவன் செத்ததை மறைச்சு வச்சிருக்கீகளாம்ல? எடுங்கண்ணே, இப்பப் படிக்கலாம்.”

இத்தனை வருஷத்தில் ஒரு பெருங்கதையாவது முழுசாக என் கடைக்கு வந்து சேர்ந்ததில்லை. ஏசிவிட்டுப் போனவர்கள் மட்டும் ஒருவர் விடாமல் திரும்பி வந்தார்கள்.